கம்பிக்குப் பின்னால் ஓர் அலமாரி: அரசு மதுக்கடையும் அயல்நாட்டுக் கைவினைப் பியரும்

சிங்கப்பூரிலிருந்து தமிழகம் சென்று திரும்புவோர் கூறும் குறைகளுள் ஒன்று ஆய்வாளர் செவிக்கு எட்டுவதே இல்லை. எட்டினாலும் நகைப்புக்குரியதாகவே கொள்ளப்படுகிறது. அங்குள்ள அரசு மதுக்கடைகளில் அயல்நாட்டுக் கைவினைப் பியர் கிடைப்பதில்லை என்பதே அக்குறை. ஜூரோங் வட்டாரப் பேரங்காடியின் குளிர்பெட்டியில் பெல்ஜியம், ஜெர்மனி, ஜப்பான் என நாடுவாரியாக அடுக்கிவைக்கப்பட்ட புட்டிகளைக் கண்டு பழகியவர்க்கு, மதுரையிலோ திருச்சியிலோ கம்பிச் சன்னலுக்குள் கை நீட்டிக் கிடைத்ததைப் பெற்றுக்கொள்வது வியப்பளிக்கிறது. இதனை வசதி படைத்தோரின் முணுமுணுப்பு என்று ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. கடையின் அலமாரியும் ஒரு பனுவலே. வாங்க வருபவரைக் கடைக்காரர் எத்தகையவராக எண்ணுகிறார் என்பதை அதில் படிக்கலாம். கடைக்காரர் அரசாகவே இருக்குமிடத்து அப்பனுவலைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது பொருத்தமுடையதேயாகும்.

சொல்லாட்சி குறித்து முதலில் ஒன்று. சிறு ஆலைகளில் குறைந்த அளவில், செய்பவரின் தேர்ச்சியால் தனிச்சுவை பெறும் பியரை இங்குக் 'கைவினைப் பியர்' என்கிறோம். சிலர் அவ்வாலைகளை 'வடிப்பாலை' என்று எழுதுகின்றனர், அது பொருந்தாது. வடித்தல் சாராயத்திற்குரிய வினை, பியருக்குரியது நொதித்தல். கைத்தறி என்னும் சொல் நெசவாளரை நினைவூட்டுவதுபோல், கைவினை என்னும் அடை செய்தவரை நினைவூட்டுகிறது. நம் வாதத்திற்கு அது தேவைப்படுகிறது.

அளவைப் பெயரும் சுவைப் பெயரும்

தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மொத்த விற்பனைக்கென நிறுவப்பட்டது. 2003 நவம்பர் இறுதியில் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் அதன் முற்றுரிமையாயிற்று. 2023–24 நிதியாண்டில் இதன்வழி அரசுக்குக் கிட்டிய வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இத்துணைப் பெரிய கொள்முதலாளர் இந்தியாவில் மிகச் சிலரே. எனினும் பெரும்பாலான கடைகளின் பியர் வகைகள் மாநிலத்தில் இயங்கும் சில ஆலைகளின் சரக்கோடு முடிந்துவிடுகின்றன. அயல்நாட்டு வகைகள் 'எலைட்' எனப்படும் சில கடைகளில், பெருநகர்களை ஒட்டியே கிடைக்கின்றன. ஏனைய கடைகளில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே இரும்புக் கம்பி நிற்கிறது. வாங்குபவர் அலமாரியைக் காண்பதில்லை. புட்டியைத் திருப்பி ஒட்டுத்தாளைப் படிப்பதில்லை. கேட்ட வகை இல்லை என்பதும், அச்சிட்ட விலைக்கு மேல் பத்து ரூபாய் கேட்கிறார்கள் என்பதும் நாளிதழ்களில் பலகாலமாக வரும் புகார்கள்.

இச்சூழல் மொழியிலும் தடம் பதித்துள்ளது. 'குவார்ட்டர்', 'ஆஃப்', 'ஃபுல்' என்பனவே கடைவாசலில் பெரிதும் வழங்கும் சொற்கள். மூன்றும் அளவைப் பெயர்கள். சுவையையோ மணத்தையோ ஊரையோ சுட்டும் சொல் அவற்றுள் இல்லை. நறவு, தேறல், மட்டு, தோப்பி, பிழி எனக் குடிவகைகளைப் பலவாறு பெயரிட்டு வேறுபடுத்திய மொழி இது. பெரும்பாணாற்றுப்படை அரிசியிலிருந்து பிழி ஆக்கும் முறையையே படிப்படியாக விரிக்கிறது. உலகின் பழைய பியர்ச் செய்முறைக் குறிப்புகளுள் ஒன்றாக அதனை எண்ணலாம் என்பது நம் கருத்து. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனுக்கு யவனர் கலத்தில் வந்த தேறலைப் பரிந்துரைக்கிறார். அரிக்கமேட்டு அகழ்வில் கிடைத்த மதுச்சாடிகளும் அவ்வணிகத்திற்குச் சான்று. ஆகவே 'இறக்குமதி மது' தமிழுக்குப் புதிய பொருளன்று. அது வேந்தன் கையில் பொற்கலத்தில் இருந்தது. உழவன் வீட்டில் தோப்பி இருந்தது. பொருள்நிலையில் வேறுபாடு இருந்தும் இரண்டிற்கும் பெயர் இருந்தது என்பதே இவண் கருதத்தக்கது.

முற்றுரிமையின் குற்றமா?

அரசு நடத்தினால் அலமாரி சுருங்கத்தான் செய்யும் என்பர் சிலர். ஸ்வீடன் இதனை மறுக்கிறது. அங்குப் பங்கீட்டுப் புத்தகம் வைத்து மதுவை அளந்து கொடுத்த முறை 1955 அக்டோபரில் ஒழிக்கப்பட்டு, சிஸ்டம்போலாகெட் என்னும் அரசு நிறுவனம் நாடு முழுமைக்கும் உருவாயிற்று. 3.5 விழுக்காட்டிற்கு மேல் ஆல்கஹால் உள்ள பியரின் சில்லறை விற்பனை ஏறக்குறைய முழுமையும் அதனிடமே உள்ளது. ஐரோப்பிய நீதிமன்றம் 1997இல் ஃபிரான்சேன் வழக்கில் அம்முற்றுரிமையை ஏற்றது. பிறநாட்டுச் சரக்கிற்குப் பாகுபாடு காட்டாமல் இயங்கவேண்டும் என்பது அதற்குரிய நெறி. நிறுவனம் புதிய வகைகளைப் பெயர் மறைத்துச் சுவைத்துப் பார்த்தே தேர்கிறது. கடையில் இல்லாததை வாடிக்கையாளர் கேட்டுத் தருவித்துக்கொள்ளலாம். அங்கும் நெடுங்காலம் முகப்பு மேசைக்குப் பின்னால்தான் புட்டிகள் இருந்தன. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலும் 1927இல் தொடங்கிய அரசு மதுக்கடைகளில் வாங்குபவர் சீட்டெழுதிக் கொடுத்துக் காத்திருந்தார். அவரே எடுத்துக்கொள்ளும் முறை 1969இல்தான் வந்தது. குடிப்பவரை ஐயுறுவதே எல்லா நாடுகளிலும் அரசுக்கடையின் தொடக்கக் கொள்கை என்பது இதனால் விளங்கும். அக்கொள்கையைச் சில அரசுகள் மெல்லக் கைவிட்டன.

தமிழகத்தில் சுருங்கிய அலமாரி மதுக்கட்டுப்பாட்டிற்கு உதவுகிறது என்று வாதிடலாம். ஆயின் சான்று எதிர்த்திசையில் நிற்கிறது. இந்தியாவில் விற்கும் பியரில் பெரும்பகுதி 'ஸ்ட்ராங்' எனப்படும் மிகுபோதை வகையாகும். இந்திய மாநிலங்களில் பியர் வரி பெரும்பாலும் ஆல்கஹாலின் அளவைக் கொண்டு கணிக்கப்படுவதில்லை. எனவே கொடுத்த காசுக்கு மிகுந்த போதை தரும் புட்டியையே கூலித்தொழிலாளி தேர்கிறார். அவர் அறிவற்றவர் அல்லர், கணக்கறிந்தவர். சிங்கப்பூரில் வரி தூய ஆல்கஹால் லிட்டருக்கு இவ்வளவு என விதிக்கப்படுகிறது. 2014 பிப்ரவரியில் அது பியருக்கு 48 வெள்ளியிலிருந்து 60 வெள்ளியாக உயர்ந்தது. 5 விழுக்காடுள்ள 330 மில்லிலிட்டர் கலனொன்றிற்கு ஏறத்தாழ ஒரு வெள்ளி; 8 விழுக்காடாயின் ஒன்றரை வெள்ளிக்கு மேல். மென்மையான பியரைத் தேர்பவருக்கு இங்குச் சலுகை உண்டு, அங்கு இல்லை.

பனையேறியின் கைவினை

அயல்நாட்டுக் கைவினைப் பியர் இல்லையே என்று வருந்துவோரிடம் நமக்கும் ஒரு குறை உண்டு. பெல்ஜியத்தில் பிரசெல்ஸ் நகரை ஒட்டிய பகுதியில் 'லாம்பிக்' என்னும் பியர் செய்யப்படுகிறது. அதற்கு நொதியூட்டி சேர்ப்பதில்லை; திறந்த தொட்டியில் காற்றிலுள்ள நுண்ணுயிர்களே அதனை நொதிக்கவைக்கின்றன. உலகெங்கும் சுவைஞர் அதனைத் தேடி அலைகின்றனர். பனையிலிருந்து இறக்கும் கள்ளும் அவ்வாறே தானாக நொதிக்கிறது. பாளை சீவிய காலையில் இனிப்பாகவும் மாலையில் புளிப்பாகவும் மாறுகிறது. பாளையை நசுக்குவதிலும் சீவுவதிலும் கலயம் கழுவுவதிலும் உள்ள தேர்ச்சியே அதன் தரம். கைவினை என்னும் அடைக்கு இதனினும் தகுந்த குடிவகை வேறு உண்டோ? ஆனால் பனையை மாநில மரமாகக் கொண்ட தமிழகத்தில் கள் 1987 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. அரசுக்கடையில் விற்பதோ 'இந்தியாவில் தயாரிக்கப்பட்ட அயல்நாட்டு மது'. இத்தொடரின் முரணைத் தமிழாசிரியர்கள் இலக்கணம் கற்பிக்கும்போது எடுத்துக்காட்டாகவே கையாளலாம். உள்ளூர்க் கைவினைக்கும் அயல்நாட்டுக் கைவினைக்கும் ஒருங்கே இடமளிக்காத அலமாரி அது. இரண்டையும் போலிசெய்யும் ஆலைச் சரக்கிற்கே அங்கு இடம்.

கேரளத்தில் கள்ளுக்கடைகள் உரிமம் பெற்று இயங்குகின்றன. யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் 1970கள் முதல் தவறணைகளை நடத்தி வருகின்றன. கள்ளைப் போத்தலில் அடைத்தும் விற்கின்றன. 'தவறணை' என்னும் அச்சொல்லே ஐரோப்பிய மொழிவழி வந்து தமிழில் குடியேறியதுதான். அங்கு இறக்குபவரின் சங்கமே விற்பவராக இருப்பதால், கடைக்குச் செய்தவரின் முகம் இருக்கிறது. அரசு முற்றுரிமைக்கும் தனியார் சந்தைக்கும் நடுவே மூன்றாம் வழியொன்று இருக்கக்கூடும் என்பதற்கு இதுவே நமக்குக் கிட்டும் நல்ல சான்று.

சிங்கப்பூருக்கும் அரசு மதுக்கடை அயலானதன்று. குடியேற்றக் காலத்தில் தமிழ்த் தொழிலாளர்க்கெனக் கள்ளுக்கடைகளை அரசே நடத்தியது. 1970களின் முடிவுக்குள் அவை மறைந்தன. தோட்டங்களில் கூலியின் ஒருபகுதி மாலையில் கள்ளுக்கடை வழியே திரும்பிச் சென்றது. 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கம் கள்ளை எதிர்த்ததும், 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடும் கோரிக்கை இடம்பெற்றதும், 1947இல் கெடா தொண்டர் படையினர் அக்கடைகளை எதிர்த்து நின்றதும் இப்பின்னணியிலேயே நோக்கத்தக்கன. அவர்கள் வெறுத்தது பாளையின் சாற்றை மட்டுமன்று; ஓர் இனத்தார்க்கு ஒரே குடி, ஒரே கடை, ஒரே நேரம் என்று பிறர் வகுத்த ஏற்பாட்டையும் கூட. இன்றைய 'கேட்ட வகை இல்லை' என்னும் புகாரை அவ்வரலாற்றோடு இணைத்தே நாம் படிக்கிறோம்.

இன்று ஜூரோங்கில் அரசு மதுக்கடை இல்லை. மேற்கே துவாஸில் 1990இல் டைகர் பியர் உற்பத்தி தொடங்கியது. அதே குழுமம் 1931இல் தோன்றிய ஆர்க்கிபெலாகோ என்னும் பழம்பெயரை 2006இல் கைவினைப் பியருக்கு மீட்டெடுத்தது. என்ன குடிப்பது என்பதில் அரசு தலையிடுவதில்லை. எங்கே, எப்போது என்பதில் தலையிடுகிறது. 2013 டிசம்பர் 8ஆம் நாள் லிட்டில் இந்தியாவில் தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் சிக்கி இறந்ததையடுத்துக் கலவரம் மூண்டது. அதன்பின் 2015இல் வந்த சட்டம் இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை பொது இடத்தில் அருந்துவதையும் கடையில் வாங்கிச்செல்வதையும் தடுக்கிறது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் வார இறுதிகளில் மேலும் இறுக்கமான கட்டுப்பாட்டு வட்டாரங்களாயின. வீட்டு வரவேற்பறையில் லாம்பிக் திறப்பவரை இச்சட்டம் தீண்டுவதில்லை. வரவேற்பறை இல்லாத விடுதித் தொழிலாளிக்கோ திடலும் நடைபாதையுமே இருக்கின்றன. அவை பொது இடங்கள்.

பெஞ்சுரு சாலைப்பக்கத்து விடுதிகளில் தங்கியிருப்போருள் புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டத்தார் பலர். சொந்த ஊரில் அவர்கள் கம்பிச் சன்னலுக்கு வெளியே நின்றவர்கள். இங்குப் பேரங்காடிக் குளிர்பெட்டியைத் தாமே திறக்கலாம். ஆனால் திறந்ததும் கை செல்வது பெரும்பாலும் விலைச்சீட்டு குறைந்த மிகுபோதைக் கலனை நோக்கியே. வண்ண ஒட்டுத்தாள்களில் தமிழ் இல்லை. எந்தப் பியர் கசக்கும், எது புளிக்கும் என்று அவர்களிடம் எவரும் சொன்னதில்லை. அவர்களுள் பனையேறியின் மக்களும் உண்டு. பாளைக் கள்ளின் காலைச் சுவையையும் மாலைச் சுவையையும் நாவால் பிரித்தறிந்த தலைமுறை அவர்களுக்கு மிக அருகிலேயே இருக்கிறது. அத்தலைமுறையினரிடமிருந்து குடிவகைச் சொற்களைத் தொகுக்கும் களப்பணியை நம் துறைகள் எவையேனும் விரைவில் மேற்கொள்ளல் வேண்டும்.