மகரந்தம்: வடிவ ஒற்றுமையும் பொருள் வேற்றுமையும்

தமிழ்த் தாவரவியலில் ‘மகரந்தம்’ பூந்தாதைக் குறிக்கும். ‘மகரந்தச் சேர்க்கை’ என்னும் கலைச்சொல் அதனடியாக அமைந்ததாகும். வடமொழியிலோ இச்சொல்லின் முதன்மைப் பொருள் பூந்தேன். மலையாளம் அப்பொருளையே போற்றிக்கொண்டு, பூந்தாதைப் ‘பராகம்’ என்றும் அதன் சேர்க்கையைப் ‘பராகணம்’ என்றும் வழங்குகிறது. எனவே மலையாள நூலின் ‘மகரந்தம்’ தமிழில் அவ்வாறே எழுதப்படின் வடிவம் நிலைக்கும்; பொருள் பிறழும்.

இப்பிறழ்வைச் சூழலே திருத்திவிடும் எனக் கூறலாம். ‘பருகுதல்’ போன்ற வினை வருமிடத்து அது பொருந்தும். ‘தேனீ மகரந்தம் தேடி வருகிறது’ என்னுமிடத்துப் பொருந்தாது. ஆற்றலுக்குப் பூந்தேனையும், புழுக்களை வளர்க்கும் புரதத்திற்குப் பூந்தாதையும் தேனீ நாடுவதால் இரு பொருளும் அங்கு இயைகின்றன.

திருவனந்தபுரம் வட்டாரத்துப் பயிர்கள் இரண்டு இவ்வேறுபாட்டின் இன்றியமையாமையை விளக்கும். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும் பருவத்தில் தேனீக்கள் திரட்டும் தேன் பூவிலிருந்து வருவதன்று. இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளிலிருந்து வருவது. அங்குத் தேன் உண்டு. மகரந்தச் சேர்க்கை இல்லை. எண்ணெய்ப்பனையின் நிலை இதற்கு மறுதலை. அதன் மகரந்தச் சேர்க்கைக்கென 1985இல் மலேசியாவிலிருந்து பாலோட்டுக்குக் கொணரப்பட்ட ஆப்பிரிக்கக் கூன்வண்டு பூந்தேனை நாடுவதில்லை. ஆண் பூங்கொத்திலேயே உண்டு, முட்டையிட்டுப் பெருகுகிறது. மணத்தால் ஈர்க்கப்பட்டுப் பெண் பூங்கொத்துக்குச் செல்லும்போது உடலில் ஒட்டிய தாதை அங்குச் சேர்க்கிறது. முன்னர் மனிதக் கைகள் செய்த பணி இது.

இது சொல்லாராய்ச்சியளவில் நிற்பதன்று. 1956இல் சென்னை மாநிலத்துடன் இணைந்த குமரி மாவட்டத்தில் தேனீ வளர்ப்பு மிகுதி. தேன் வறட்சிக்குச் சர்க்கரைப் பாகும், தாது வறட்சிக்குப் புரத உணவும் கூட்டுக்கு அளித்தல் முறை. மலையாளக் கையேட்டின் ‘மகரந்தக் குறைவு’ தமிழில் அவ்வண்ணமே வந்தால், பாகு வேண்டிய கூட்டுக்கு வளர்ப்போர் புரதம் அளிக்க நேரும்.

பள்ளி நூல்களில் வேரூன்றிவிட்ட ‘மகரந்தம்’ மாற்றற்கரியது. ‘தாது’ என்பதும் கனிமத்தைச் சுட்டி மயக்கம் தரும். ஆகவே மலையாள ‘மகரந்த’த்தைப் ‘பூந்தேன்’ என்றும், ‘பராக’த்தை ‘மகரந்தம்’ என்றும் பெயர்ப்பதே தக்கது. ரப்பரைப் போல் இலையில் ஊறுவதைத் ‘தேன்சுரப்பு’ எனல் வேண்டும். உறவுமொழிகளுக்கிடையே பெயர்ப்போர் அறிமுகமான சொல்லையே முதலில் ஐயுறல் நலம்.