மரைக்குட்டி துள்ளும் நேரம்

என் அண்ணன் பேத்தியின் புத்தகப்பையில் ஒரு மூஸ் குட்டிப் படம். புடைத்த மூக்கு, கோணல் கால், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஆட்டம். ஹட்டன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, இது நெசமாவே இருக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது. கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் வாழும் அதுதான் மான் குலத்திலேயே பெரியது. அதன் தூரத்துச் சொந்தம் ஒன்று நம் இலங்கை மலையிலேயே மேய்கிறது. நாம் மரை என்கிறோம். தமிழ்நாட்டில் மிளா, கடமான். வெள்ளைக்காரர் இரண்டுக்கும் ஒரே பேரை வைத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் மூஸுக்கு 'எல்க்' என்று பெயர். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்களை ஏவி மரைகளை வேட்டையாடிவிட்டு, எல்க் வேட்டை என்றே எழுதிவைத்தார். நுவரெலியாப் பக்கம் 'எல்க் பிளேன்ஸ்' என்ற ஊர்ப்பெயர் இன்னும் இருக்கிறது. நம் சொல்லோ அதற்கு மிக மூத்தது. முற்றத்து நெல்லிக்காயை மரைக்கூட்டம் தின்னும் குடிசை ஒன்று குறுந்தொகையிலேயே வருகிறது.

மரையைப் பார்க்க ஹோட்டன் சமவெளிக்குப் போங்கள். 1988இல் தேசியப் பூங்காவான இடம். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல். பட்டிப்பொல வழியாக, விடியும்போதே உள்ளே நுழைந்துவிட வேண்டும். வெயில் ஏறினால் மரை காட்டுக்குள் ஒதுங்கிவிடும்.

வாகனம் நிறுத்தும் இடத்திலேயே கொம்பு வளர்ந்த ஆண் மரை ஒன்று நிற்கக்கூடும். பிஸ்கட்டுக்குப் பழகிப்போனது அது. எல்லோரும் அதைச் சுற்றி நின்று படம் எடுப்பார்கள். தயவுசெய்து எதுவும் கொடுக்காதீர்கள். மனிதர் கையிலிருந்து வாங்கித் தின்னும் மரையில் மரையின் குணம் பாதிதான் மிஞ்சும். அங்கிருந்து நடந்து, புல்வெளி காட்டைத் தொடும் ஓரம் தெரிகிற இடத்தில், பாதையை விட்டு இறங்காமல் நில்லுங்கள்.

முதலில் குட்டியைத் தேடாதீர்கள், தாயின் காதைப் பாருங்கள். அகலமான காது, ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்று தனித்தனியாகத் திரும்பும். தாய் குனிந்து மேயும்போதும் காது மேயாது. அந்தக் காது தளர்ந்த பிறகுதான் பக்கத்துப் புல் அசைந்து குட்டி எழும். பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி. சினிமாவில் வரும் 'பாம்பி' மான்குட்டிக்கு இருப்பதுபோல் பளிச்சென்ற புள்ளிகள் இருக்காது. பனியில் நனைந்த தவிட்டு நிறம், உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால். பைப் படத்தை வரைந்தவர் அந்தக் காலில் பொய் சொல்லவில்லை.

குட்டி சும்மா நிற்கும். திடீரென்று பின்னங்கால் இரண்டையும் உதறும். தலையைச் சாய்த்து ஒரு வட்டம் ஓடும். நடுவில் காரணமே இல்லாமல் சடக்கென்று திரும்பும். அந்தத் திருப்பத்தைத் தவறவிடாதீர்கள், ஆட்டத்தின் உயிரே அங்கேதான். இந்தச் சமவெளியில் மரையைத் தின்னும் சிறுத்தை உண்டு. நாளைக்கு அதன் பாய்ச்சலிலிருந்து தப்ப வேண்டிய கால்கள் இன்றைக்கு விளையாட்டாய்ப் பழகிக்கொள்கின்றன. இது தெரிந்தபின் துள்ளல் எனக்கு இன்னும் அழகாகத்தான் படுகிறது.

பிறகு சத்தம். தாய்க்கு ஐயம் தட்டினால் முன்னங்காலால் தரையை ஓங்கி மிதிக்கும், வால் நிமிரும். பழைய பஸ் ஹோர்னை ஒரே தடவை அமுக்கினாற்போல் ஒரு கத்தல் வரும். அந்தக் கணத்தில் குட்டியைப் பாருங்கள். பாதித் துள்ளலில் இருந்த கால் அப்படியே நிற்கும்.

பேத்தியைக் கூட்டிப்போன அன்று நாங்கள் கேட்டது அந்தக் கத்தலைத்தான். பையை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூடுபனிக்குள் தாயும் குட்டியும் போன திசையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "பேசாதீங்க தாத்தா, திரும்பி வரும்" என்றாள். வெயில் வரும்வரை நின்றோம்.