வடிவமைப்பு ஆய்வுக்கும் ஓர் உஸூல் வேண்டும்

திருவண்ணாமலை மாவட்டத்து வந்தவாசி, கோரைப்பாய்க்குப் பெயர் பெற்ற ஊர். நம்மிடம் அரபு பயின்று, பின்னர் வடிவமைப்புத் துறையில் முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்ட மாணவர் ஒருவர், குனிந்திருந்து பாய் நெய்வோரின் சிரமம் குறையுமாறு தறியைத் திருத்தியமைப்பதையே தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். அண்மையில் திருவண்ணாமலைக்கு வந்து ஆய்வேட்டின் வரைவைக் காட்டியபோது அவர் கேட்டார்: “ஹஜ்ரத், தறியைச் செய்து காட்டிவிட்டேன். நெய்கிறவர்களும் வலி குறைந்திருக்கிறது என்கிறார்கள். இதற்கு நடுவே அறிவியல் மெய்யியல் எதற்கு?” அவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தியாவில் நவீன வடிவமைப்புக் கல்வி செய்கையை முதன்மையாகக் கொண்டே வளர்ந்தது. சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958-இல் அளித்த அறிக்கையை அடியொற்றி, 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது. நல்ல பொருளை ஆக்கத் தெரிந்தவரே அங்குத் தேர்ந்தவர். முனைவர் பட்டமோ வேறு வகையைச் சார்ந்தது. ‘இதைச் செய்தேன்’ என்பது அதற்குப் போதாது; ‘இதை அறிந்தேன், இவ்வாறு அறிந்தேன்’ என்றும் நிறுவியாக வேண்டும்.

இத்தேவையை உணர்ந்து எழுந்த நூல்களுள் குறிப்பிடத்தக்கது, லூசியன் பிளெசிங்கும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் அமரேஷ் சக்ரபர்த்தியும் எழுதி 2009-இல் வெளிவந்த வடிவமைப்பு ஆய்வு நெறிமுறை நூலாகும். ஆய்வின் இலக்கைத் தெளிவாக்குதல், உள்ள நிலையை விவரித்தறிதல், அதனை மேம்படுத்தும் வழியை வகுத்தல், அவ்வழி பயன் தந்ததா என மீண்டும் ஆராய்தல் என நான்கு படிகளை அது காட்டுகிறது. வெற்றியின் அளவுகோலை முன்கூட்டியே வரையறுக்கவும் சொல்கிறது. நம் மாணவரின் வரைவில் இந்நான்கு படிகளும் ஒழுங்காகவே இருந்தன. எனினும் படிகளில் ஏறியவர், அவை ஏன் அவ்வாறு அமைந்தன என்று கேட்கவில்லை. எத்துணைச் சிறந்த நெறிமுறை நூலும் மாணவருக்குப் பதிலாகச் சிந்திக்க இயலாது.

மதரஸாவில் பயின்றோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஃபிக்ஹு சட்டத்தைச் சொல்கிறது. உஸூலுல் ஃபிக்ஹு, அச்சட்டம் எவ்வாறு பெறப்பட்டது, எந்தச் சான்று எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைச் சொல்கிறது. ஹிஜ்ரி 204-இல் மறைந்த இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் ‘அர்ரிஸாலா’ இத்துறைக்கு அடித்தளமிட்ட நூல். திராட்சை மது விலக்கப்பட்டதன் இல்லத், அதாவது அடிப்படைக் காரணம் யாது? அதன் நிறமா, திராட்சையா, போதையா? உஸூல் அறிஞர்கள் சாத்தியமான காரணங்களை எல்லாம் வகுத்து, பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக நீக்குவர். இம்முறைக்கு ஸப்ர், தக்ஸீம் என்று பெயர். எஞ்சி நிற்பது போதை. ஆகவேதான் அவ்விலக்கு போதை தரும் பிறவற்றுக்கும் செல்கிறது.

அதே முறையில் தறியைப் பற்றியும் வினவினோம். வலி குறைந்தது இருக்கையை உயர்த்தியதாலா? ஆய்வாளர் அருகிருந்து பரிவோடு விசாரித்ததாலா? சோதனை நாட்களில் வேலை குறைவாக இருந்ததாலா? மாணவர் மௌனமானார். இருக்கையே இல்லத் என்று நிறுவாதவரை, ஒரு வீட்டில் கண்ட பயனை அடுத்த வீட்டுத் தறிக்குக் கியாஸ் செய்ய இடமில்லை. அவ்வாறு செய்து பிழைத்துப்போனால், ஆய்வேட்டை நம்பிக் கடன் வாங்கிப் புதுத் தறி போட்டவரே அதன் விலையைக் கொடுக்க நேரும்.

வரைவின் மூன்றாம் இயலில் கார்ல் பாப்பரும் தாமஸ் கூனும் இரண்டு பக்கங்களில் அறிமுகமாகி, அதன்பின் எங்கும் தலைகாட்டவில்லை. நாம் குறையாகக் காண்பது இதையே. பாப்பரைக் கற்றவர், ‘எதைக் கண்டால் என் கூற்றைக் கைவிடுவேன்?’ என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். 1962-இல் வெளிவந்த கூனின் நூலைக் கற்றவர், தம் அளவுகோல் துறையின் பழக்கத்தால் மட்டும் வந்ததா என ஐயுற வேண்டும். நாளொன்றுக்கு எத்தனை பாய் என்பதை மட்டும் அளப்பவருக்கு நெய்பவரின் முதுகு தென்படாது.

இதற்கு மறுப்பும் உண்டு. இயற்கை அறிவியல் உள்ளதை ஆராய்வது, வடிவமைப்பு இருக்க வேண்டியதை ஆக்குவது என்று ஹெர்பர்ட் சைமன் 1969-இல் வேறுபடுத்திக் காட்டினார். கைவினைஞரின் அறிவு முழுவதும் சொல்லில் அடங்காது என்பாரும் உளர். இரண்டையும் ஏற்கிறோம். உஸூலும் இல்லத்தோடு நின்றுவிடாமல் மகாஸித் எனும் நோக்கங்களையும் ஆராய்கிறதன்றோ! ஆயினும் பாய் நெய்பவரின் கைத்திறனுக்குப் பட்டம் தேவையில்லை. பட்டம் வேண்டுபவரோ, தாம் அறிந்ததைப் பிறர் சோதித்துப் பார்க்கும் வடிவில் தரக் கடமைப்பட்டவர். 1206-இல் தம் பொறிநூலை நிறைவுசெய்த அல்ஜஸரீ, செய்து பார்த்துச் சோதிக்கப்படாத தொழிலறிவு மெய்க்கும் பொய்க்கும் இடையே ஊசலாடும் என்று கருதினார். அவர் அரசவையில் பொறிகள் செய்தவர். செய்பவருக்கே இவ்வினா முதலில் உரியது என்பதற்கு அவரே சான்று.

பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் முனைவர் பட்ட மாணவர்க்குக் கட்டாயமாக்கிய 30 மணி நேர ஆய்வு அறநெறிப் பாடத்தில் மெய்யியலுக்குக் கிடைத்தது சிறு பகுதியே. நேரம் கூடினாலும், பெயர்களை மனனம் செய்வதோடு நின்றால் பயனில்லை. ஆகவே மாணவரிடம் நாம் சொன்னது இதுதான்: மூன்றாம் இயலை நீக்கிவிடலாம். அதிலுள்ள வினாக்களை எடுத்துக்கொண்டு மீண்டும் வந்தவாசிக்குச் சென்று, முதல் தறியிலிருந்து தொடங்க வேண்டும்.