குடித்தால் தீர்ந்துபோகும் நாணயம்

கட்டி முடித்த பெட்டியைத் தூக்கிக் காதருகே வைத்துக் குலுக்க வேண்டும். உள்ளே 'களக்' என்று சின்னச் சத்தம் கேட்டாலும் பிரித்து மறுபடி கட்ட வேண்டியதுதான். மூடியைச் சுற்றி டேப், பாட்டிலுக்கு நான்கு சுற்று பபிள் ராப், உடைந்தால் ஒழுகாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜிப் பை, இடுக்குகளில் கசக்கித் திணித்த செய்தித்தாள், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கறுப்புக் குப்பைப் பை. கூரியர் கவுன்ட்டரில் உள்ளே என்ன என்று கேட்டால் பீர் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. 'ஈஸ்ட் மாதிரிகள்' என்பது வழிவழியாக வந்த பதில். பீரில் ஈஸ்ட் இருக்கத்தானே செய்கிறது என்பார்கள்.

அமெரிக்காவில் அரிய கிராஃப்ட் பீர்களை ஒருவரோடு ஒருவர் மாற்றிக்கொள்ளும் ஆர்வலர்களின் உலகம் இது. வெர்மான்ட்டில் இருப்பவருக்குக் கலிபோர்னியா பீர் வேண்டும். அங்கே இருப்பவருக்கு வெர்மான்ட் பீர் வேண்டும். நடுவில் கடை கிடையாது. 1933-ல் மதுவிலக்கு நீங்கியபோது மது விற்பனையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களின் கைக்குப் போனது. ஆலை விநியோகஸ்தருக்கு விற்க, அவர் கடைக்கு விற்க, கடை குடிப்பவருக்கு விற்க என்ற மூன்றடுக்கு முறை ஒவ்வொரு மாநிலத்திலும் அதனதன் விதிகளோடு வேரூன்றியது. சின்ன ஆலைக்கு ஐம்பது மாநிலத்திலும் விநியோகஸ்தரைப் பிடிப்பது ஆகிற காரியமில்லை. ஊரெல்லாம் பேசப்படும் பீர், காய்ச்சிய ஊரைத் தாண்டாமலே தீர்ந்துவிடுகிறது. தபால் துறை மதுவை ஏற்காது. தனியார் கூரியர்கள் உரிமம் உள்ள வணிகர்களிடமிருந்து மட்டுமே வாங்கும். அதனால்தான் அந்தக் குப்பைப் பையும் ஈஸ்டும்.

இந்த வட்டாரத்துக்கென்று தனிப் பரிபாஷை உண்டு. கடை விலையை வைத்துச் சமன் செய்தால் அது 'டாலருக்கு டாலர்'. எளிதில் அகப்படாத பாட்டிலுக்குத் 'திமிங்கலம்' என்று பெயர்; மெல்வில்லின் 'மோபி டிக்' நாவலில் கேப்டன் துரத்திப் போன வெள்ளைத் திமிங்கலத்திலிருந்து வந்தது. துரத்தியவர் கதி என்னவாயிற்று என்பதை யாரும் ஞாபகப்படுத்திக்கொள்வதில்லை. வெளியீட்டு நாளில் அடுத்தவருக்காக வரிசையில் நின்று வாங்கித் தருபவர் 'கழுதை'. சிங்கப்பூரிலிருந்து பெட்டி சுமந்து வருபவரை நாம் 'குருவி' என்கிறோம். சுமையைப் பார்த்தால் அவர்கள் வைத்த பெயர்தான் பொருத்தம்.

மதுவைப் பண்டமாற்றில் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. பொருநராற்றுப்படையிலேயே தேனும் கிழங்கும் கொண்டுவந்தவர்கள் மீன் நெய்யும் நறவும் வாங்கிப் போகிறார்கள். ஆனால் அங்கே நறவு சரக்கு; வாங்கியவர் குடிப்பதற்காக வாங்குகிறார். அமெரிக்க ஆர்வலர் பல சமயம் தான் குடிக்கப்போகாத பாட்டிலை வாங்குகிறார். அவருக்கு ஸ்டவுட் என்ற கறுத்த பீரே பிடிக்காமல் இருக்கலாம். அந்த ஸ்டவுட்டைக் கொடுத்தால் மூன்றாமவரிடம் இருக்கும் பெல்ஜியத்தின் லாம்பிக் பீர் கிடைக்கும் என்று தெரியும், அவ்வளவுதான். இப்படிப்பட்ட பாட்டிலைத் 'தூண்டில் இரை' என்றே சொல்கிறார்கள். தனக்கு வேண்டாததை, பிறர் வேண்டுவார்கள் என்பதற்காகவே ஒருவர் ஏற்கத் தொடங்கும் இடத்தில் சரக்கு பணமாகிறது.

இதைப் பற்றி யோசிக்கும்போது ஆர். ஏ. ராட்ஃபோர்டின் கட்டுரையைத் தவிர்க்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டிருந்த இந்தப் பொருளியலாளர், கைதி முகாமில் சிகரெட் பணமாகப் புழங்கிய விதத்தை 1945-ல் எழுதினார். ஜாம் டப்பாவுக்கும் ரொட்டிக்கும் சிகரெட்டில்தான் விலை. அதில் ஒரு கவனிப்பு முக்கியமானது: நல்ல சிகரெட்டை ஆட்கள் புகைத்துவிட்டு, மட்டமானதைக் கைமாற்றினார்கள். நல்ல காசு பெட்டிக்குள் போய்விட, கெட்ட காசு சந்தையில் சுற்றும் என்கிற கிரெஷாம் விதிதான்.

பீரில் இந்த விதி கொஞ்சம் கோணலாக வேலை செய்கிறது. இந்தப் பழக்கத்தின் பெரிய குறை என்று நான் நினைப்பதும் இங்கேதான் இருக்கிறது. பணமாக இருக்க வேண்டிய பொருள் கெடக் கூடாது, அடிபட்டால் நாசமாகக் கூடாது, பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டும். ஹாப்ஸ் பூவின் மணத்துக்காகவே குடிக்கப்படும் ஐபிஏ வகை பீர் முதல் நிபந்தனையிலேயே தோற்றுவிடும். சில வாரங்களில் மணம் தேய ஆரம்பிக்கும்; சூடுபட்டால் இன்னும் சீக்கிரம். கலிபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ஆலை, 'பிளைனி தி எல்டர்' பாட்டிலின் லேபிளிலேயே குளிரில் வையுங்கள், புதிதாகக் குடியுங்கள், பதுக்கிவைக்காதீர்கள் என்று மன்றாடுகிறது. பிரஸ்ஸல்ஸில் 1900 முதல் இயங்கும் கான்டியோன் ஆலையின் லாம்பிக் பல வருடம் தாங்கும். போர்பன் பீப்பாயில் ஊறிய, வாயில் மெழுகு வைத்த கனத்த ஸ்டவுட்டும் தாங்கும்; பயணத்துக்கும் அஞ்சாது. ஆகவே அவைதான் மேல்மதிப்பு நோட்டாகின. நாலரை சதவீத ஆல்கஹால் உள்ள அருமையான பில்ஸ்னர் பீர் எந்தக் காலத்திலும் திமிங்கலம் ஆகாது. அதைக் காய்ச்சுவதற்கு எவ்வளவு கைப்பக்குவம் வேண்டும் என்பது காய்ச்சுபவர்களுக்குத் தெரியும்.

பெட்டியில் தாங்குவது எது என்ற கேள்வி, நாக்குக்கு எது நல்லது என்ற கேள்வியின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மாற்றில் மதிப்புள்ள பாட்டிலுக்கு ஆர்வலர்கள் போடும் மதிப்பெண்ணும் கூடியது. மூன்று நல்ல பாட்டிலைக் கொடுத்து ஒன்றை வாங்கியவர், அதைக் குடித்துவிட்டுச் சுமார்தான் என்று ஒப்புக்கொள்ள எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

இனி இதன் நல்ல பக்கம். அதை ஒரே சொல்லில் சொல்லலாம்: கொசுறு. கத்திரிக்காய் வாங்கினால் கடைக்காரம்மா கொஞ்சம் கறிவேப்பிலை போட்டுக் கொடுப்பதுபோல, பேசிய பாட்டில்களோடு பேசாத இரண்டு மூன்றையும் சேர்த்து அனுப்புவது இவர்களிடையே எழுதாத சட்டம். திமிங்கலம் பெட்டியில் இருக்கும் என்பது முன்பே தெரியும். உள்ளூர் ஆலையின் பெயர் தெரியாத கோதுமை பீர் ஒன்று அடியிலிருந்து வரும்போது கிடைக்கும் மகிழ்ச்சியே வேறு. கொசுறு போடாதவரை யாரும் திட்டுவதில்லை. அடுத்த முறை பதில் எழுதமாட்டார்கள். சில சமயம் கொசுறின் மதிப்பு பேசிய சரக்கையே தாண்டிவிடும். கிழக்கு நியூ கினியாவை ஒட்டிய டிரோப்ரியாண்ட் தீவுகளில் சங்கு வளைகளும் சிப்பி மாலைகளும் எதிரெதிர்த் திசையில் தீவுக்குத் தீவு சுற்றும் 'குலா' வளையத்தைப் பற்றி மலினோவ்ஸ்கி 1922-ல் எழுதினார். அங்கேயும் பொருளைவிடக் கொடுத்தவர் யார், திருப்பிக் கொடுத்தது எப்படி என்பதில்தான் மானம் இருந்தது. முகம் பார்க்காத ஒருவருக்கு முன்கூட்டியே பெட்டி அனுப்புவதும் அந்த மாதிரி மானத்தை நம்பித்தான். ஏமாற்றினால் வழக்குப் போட முடியாது. பெயர் கெடும் என்பதுதான் ஒரே காவல். பெரும்பாலும் அது போதுமானதாக இருந்திருக்கிறது என்பதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இந்த நாணயத்தை அச்சிடுவது யார்? திமிங்கலத்துக்கு அந்த மதிப்பு வருவது சுவையால் மட்டும் இல்லை. காய்ச்சுபவர் விலையை ஏற்ற மறுப்பதால். பெல்ஜியத்தின் வெஸ்ட்விளெட்டரன் ஊரில் சிந்த் சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் காய்ச்சும் பீர், 2005-ல் உலகின் சிறந்த பீர் என்று பேர் வாங்கியது. மடத்து வாசலில் கார்கள் மைல்கணக்கில் நின்றன. துறவிகள் அதிகம் காய்ச்சவும் இல்லை, விலையை உயர்த்தவும் இல்லை. மடத்தின் செலவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போதும் என்றார்கள். தொலைபேசியில் முன்பதிவு, கார் எண்ணைக் குறித்துக்கொள்வது, வாங்குபவர் மறுவிற்பனை செய்யக் கூடாது என்ற நிபந்தனை என்று பலவும் செய்து பார்த்தார்கள். 2019-ல் முன்பதிவு இணையத்துக்கு மாறியது. அதற்கு முந்தைய வருடம் நெதர்லாந்து சூப்பர்மார்க்கெட் ஒன்று, மடத்தில் இரண்டு யூரோகூட ஆகாத பாட்டிலைப் பத்து யூரோவுக்கு அடுக்கி விற்றது. மடம் கோபப்பட்டது.

அந்த எட்டு யூரோ வித்தியாசம் யாருடையது? குடிப்பவருக்கு என்று துறவிகள் விட்டுக்கொடுத்தது அது. பாட்டிலைப் பணமாக்கும் ஒவ்வொருவரும் அந்த விட்டுக்கொடுத்தலிலிருந்துதான் மதிப்பை எடுக்கிறார். 'நான் காசு வாங்கவில்லை, மாற்றிக்கொண்டேன்' என்று ஆர்வலர்கள் சொல்லும் சமாதானம் எனக்குப் பாதிதான் செல்லுபடி ஆகிறது. தன் ஊர்ப் பீரைக் கொடுத்து வெளியூர்ப் பீரை வாங்கிக் குடிப்பவரிடம் போய்ச் சேர்ந்தால் துறவிகள் கொடுத்தது வீணாகவில்லை. எட்டு கை மாறி எவரும் திறக்காத அலமாரியில் நின்றுவிட்டால் வீண்தான். காசு புழங்கியதா இல்லையா என்பது அங்கே முக்கியமில்லை.

பதுக்கலுக்குத் தண்டனையும் உண்டு. சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை 2015-ல் வெளியிட்ட 'போர்பன் கவுன்ட்டி' பீர் வகைகளில் சிலவற்றில் பாக்டீரியா புகுந்து, பாட்டிலுக்குள்ளேயே புளித்துப்போயின. ஆலை பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறு வருடத்திலிருந்து பாஸ்டரைசேஷன் செய்ய ஆரம்பித்தது. ஆனால் திருப்பிக் கொடுத்தது கடை விலையை. அதற்கு மாற்றாகப் போன திமிங்கலத்தை யாரிடம் கேட்பது?

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காசு வாங்காத மாற்றைத் துரத்திப் பிடிப்பதில் அரசுக்குப் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. காசு புழங்கிய இடத்தில்தான் சிக்கல். ஈபேயில் வெகுநாள் 'சேகரிப்புக்கான பாட்டில், உள்ளிருப்பது குடிப்பதற்கல்ல' என்ற வேடிக்கை வாசகத்தோடு பீர் ஏலம் போனது. 2012 வாக்கில் அதற்குக் கடிவாளம் போட்டார்கள். ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. உரிமம் பெற்று அனுப்பும் மதுப் பெட்டியைப் பெரியவர் ஒருவர் கையெழுத்திட்டு வாங்க வேண்டும். ஈஸ்ட் மாதிரிக்கு அது தேவையில்லை; வீட்டுப் பையன்கூட வாசலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

வெர்மான்ட்டின் வாட்டர்பரியில் இருந்த தி ஆல்கமிஸ்ட் ஆலையின் கதையில் இந்த நாணயத்தின் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்தே இருக்கின்றன. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளம் அவர்களுடைய மதுக்கூடத்தை அழித்தது. சில நாட்களிலேயே, முன்பே கட்டிக்கொண்டிருந்த ஆலையில் 'ஹெடி டாப்பர்' என்ற எட்டு சதவீத ஐபிஏவை டப்பாவில் அடைக்க ஆரம்பித்தார்கள். டப்பாவிலிருந்தே குடியுங்கள் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். சீக்கிரம் மணம் தேயும் ஐபிஏவாக இருந்தும் நாடெங்கிலும் அதற்காகத் திமிங்கலங்கள் கைமாறின. ஊருக்குள் கார் நெரிசல் தாங்காமல் அக்கம்பக்கத்தார் முறையிட, 2013 நவம்பரில் ஆலைக் கடையை மூடினார்கள். 2016-ல் ஸ்டோவில் புது ஆலை திறந்தது. அதன்பின் போய்க் கேட்டால் கிடைக்கும் என்ற நிலை வந்தது. டப்பாவில் இருப்பது அதே பீர், மாற்றில் அதற்கிருந்த பழைய பவிசு போய்விட்டது.

அந்தப் பரபரப்பின் உச்சத்தில் தூண்டில் இரைக்கென்று ஒதுக்கிவைத்து மறந்துபோன வெள்ளி டப்பா ஒன்று, எவர் வீட்டு ஃபிரிட்ஜின் பின்வரிசையிலாவது இன்னும் கிடக்கக்கூடும். திறந்தால் ஹாப்ஸ் மணம் இருக்காது. நனைந்த அட்டைப்பெட்டி வாசம்தான் வரும்.