குலுக்கிப் போட்ட களத்தில் தீர்மானமே திறமை

ஒரு வீடியோ கேமில் எந்தப் பெட்டிக்குள் எந்தப் பொருள் இருக்கும், எந்த வாசல் எந்தக் குகைக்குள் கொண்டுபோய் விடும், எந்த எதிரி எந்த அறையில் காத்திருப்பான் என்பவையெல்லாம் அதை உருவாக்கியவர்கள் முடிவு செய்து வைத்தவை. அந்த ஏற்பாட்டை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புதிதாகக் குலுக்கிப் போடும்படி, ரசிகர்களே எழுதி மூல ஆட்டத்தின் நிரலில் சேர்க்கும் மாற்றத்துக்கு ‘ரேண்டமைசர் மோட்’ என்று பெயர். போக்கிமான் வரிசை ஆட்டங்களில் இதைப் பொருத்தினால், ஊரைத் தாண்டிய முதல் புல்வெளியிலேயே, கதையின் கடைசியில் மட்டும் தலைகாட்ட வேண்டிய மியூடூ என்ற வலிமைமிக்க உயிரினம், தொடக்கநிலை உயிரினங்களின் அற்ப பலத்தோடு எதிரே வந்து நிற்கக்கூடும். இந்த ரகளைதான் பலரை ரேண்டமைசரின் பக்கம் இழுத்து வருகிறது. ஆனால் அதே குலுக்கலின் மேல் ஒரு போட்டி விளையாட்டும் வளர்ந்து நிற்கிறது. அதை அதிர்ஷ்டச் சோதனை என்று ஒதுக்கிவிடுவது எளிது என்றாலும், நெருங்கிப் பார்க்கும்போது, வழக்கமான பந்தயங்களில் வெளியே தெரியாமல் போகும் ஒரு திறமையை, அதாவது அரைகுறைத் தகவலோடு சரியான தீர்மானத்தை எடுக்கும் திறமையை, இது அம்பலத்துக்குக் கொண்டுவருவது விளங்கும்.

இதற்குப் பொருத்தமான சான்று, நிண்டெண்டோ நிறுவனம் 1991இல் ஜப்பானில் வெளியிட்ட ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: எ லிங்க் டு தி பாஸ்ட்’ என்னும் ஆட்டமும் அதற்கு ரசிகர்கள் உருவாக்கிய ரேண்டமைசரும் ஆகும். மூல ஆட்டத்தின் நாயகன் லிங்க், ஒளி உலகம், இருள் உலகம் என்ற இரண்டு வரைபடங்களில் அலைந்து, மூன்று பதக்கங்களையும் ஏழு படிகங்களையும் சேர்த்து, கேனன் என்ற அரக்கனை வீழ்த்த வேண்டும். கிழக்கு அரண்மனையில் வில், பாலைவன அரண்மனையில் பாறை தூக்கும் கையுறை, ஹேரா கோபுரத்தில் நிலா முத்து என்று ஒவ்வொரு பொருளும் அடுத்த பகுதிக்கான திறவுகோலாக வரிசைப்படுத்தப்பட்டிருப்பதால், ஒருமுறை முடித்தவருக்கு அந்த வரிசை மனப்பாடமாகிவிடுகிறது. ரேண்டமைசர் இந்த வரிசையைக் கலைத்து, 216 இடங்களில் இருக்கும் பொருள்களை இடம்மாற்றி வைக்கிறது. பத்து நிலவறைகளின் பரிசான பதக்கங்களும் படிகங்களும்கூடத் தமக்குள் இடம்மாறிக்கொள்கின்றன. பொருள் இருக்கக்கூடிய ஒவ்வோர் இடத்தையும் ஆட்டக்காரர்கள் ‘செக்’ என்றும், ஒரு முறை குலுக்கியதில் கிடைத்த முழு ஏற்பாட்டை ‘சீடு’ என்றும் அழைக்கிறார்கள்.

ரகளையின் இலக்கணம்

கலைந்த உலகத்தில் நடப்பவை பார்க்கச் சுவையானவை. லிங்கின் வீட்டுப் பெட்டியைத் திறந்த முதல் நிமிடத்திலேயே, மூல ஆட்டத்தில் இருள் உலகத்தின் திருடர் நிலவறைவரை போய்ப் பெற வேண்டிய டைட்டன் கையுறை கிடைத்துவிடலாம். பெரும்பாடு பட்டு வென்ற நிலவறையின் பெரிய பெட்டியில் மூன்று வெடிகுண்டுகளோ இருபது ரூபியோ மட்டும் கிடந்து ஏமாற்றலாம். நிலா முத்து கைக்கு வருவதற்கு முன் இருள் உலகில் கால் வைத்தால், மூல ஆட்டத்தின் விதிப்படி லிங்க் முயலாக மாறி, வாள் வீசவும் முடியாமல் ஓடி ஒளிய வேண்டியிருக்கும். நுழைவாயில்களைக் குலுக்கும் தெரிவைச் சேர்த்தால், ககாரிகோ கிராமத்து வீடொன்றின் கதவைத் திறந்தவர் மரண மலையின் குகைக்குள் போய் நிற்பார். எதிரிகளைக் குலுக்கும் தெரிவையும் சேர்த்தால், மூன்று இதயங்களே உயிர்ப்பலமாக இருக்கும் வேளையில் கடைசி நிலவறைக்கு உரிய பெரும்பகை முதல் நிலவறையிலேயே வழிமறிக்கும். சூப்பர் மெட்ராய்டு என்ற 1994ஆம் ஆண்டு ஆட்டத்தையும் இந்த ஆட்டத்தையும் ஒரே கோப்பில் பிணைத்து, ஒன்றின் பொருள்களை மற்றொன்றில் ஒளித்துவைக்கும் ரேண்டமைசர்கூட இருக்கிறது. அதில் விண்வெளிக் கோளொன்றின் சுரங்கத்தில் லிங்கின் சுத்தியல் கிடைப்பதும், லிங்கின் ஹைரூல் நாட்டுக் கிணற்றில் மெட்ராய்டு நாயகி சாமஸின் ஏவுகணை கிடைப்பதும் இயல்பான நிகழ்வுகள்.

இவ்வளவு கலைத்தும் ஆட்டம் முடிக்க முடியாத முட்டுச்சந்தில் போய் நிற்பதில்லை என்பதில்தான் இந்த மோடை எழுதியவர்களின் உழைப்பு தெரிகிறது. எந்த இடத்தை அடைய எந்தப் பொருள்கள் தேவை என்பதை வரையறுக்கும் விதித்தொகுப்புக்கு ‘லாஜிக்’ என்று பெயர். அதை வைத்துப் பொருள்களை அடுக்குவதற்குப் பரவலாகப் பயன்படும் முறையில், நிரல் ஒரு முக்கியப் பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்னும் வைக்கப்படாத மற்ற பொருள்கள் அனைத்தும் ஆட்டக்காரரிடம் இருப்பதாக அனுமானித்து, அந்த நிலையில் அவர் அடையக்கூடிய இடங்களுள் ஒன்றைக் குலுக்கலில் தேர்ந்து அதில் வைக்கிறது. பிறகு அடுத்த பொருளை எடுக்கிறது. இதனால் எந்தப் பொருளும் தன்னையே திறவுகோலாகக் கேட்கும் கதவுக்குப் பின்னால் பூட்டப்படுவதில்லை. ஆமைப்பாறை நிலவறைக்குள் முன்னேற சோமாரியா கோல் அவசியம் என்பதால், அந்தக் கோல் ஆமைப்பாறைக்குள் இருக்க வாய்ப்பே இல்லை என்று ஆட்டக்காரர் உறுதியாக நம்பலாம். குலுக்கலுக்குள் இருக்கும் இத்தகைய உறுதிகளே ஊகத்தை அனுமானமாக உயர்த்துகின்றன.

இந்தச் சிந்தனை ரேண்டமைசருக்கு மட்டும் உரியதன்று. சதுரங்கத்தில் தொடக்க நகர்வுகளின் மனப்பாடம் ஆட்டத்தையே விழுங்கிவருவதாகக் கருதிய முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர், 1996இல் பியூனஸ் அயர்ஸ் நகரில் அறிமுகப்படுத்திய முறையில், பின்வரிசைக் காய்கள் குலுக்கி வைக்கப்படுகின்றன. ஆனால் இரண்டு மந்திரிகளும் வெவ்வேறு நிறக் கட்டங்களில் நிற்க வேண்டும், ராஜா இரண்டு யானைகளுக்கு இடையில் நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் இருப்பதால், 960 தொடக்க நிலைகள் மட்டுமே சாத்தியமாகின்றன. மனப்பாடம் பயனற்றுப்போகும் அளவுக்குக் கலைப்பதும், ஆட்டத்தின் நியாயம் குலையாத அளவுக்குக் கட்டுப்படுத்துவதும் அங்கே கையாளப்பட்ட உத்திகள். ரேண்டமைசரின் லாஜிக்கும் அதே வேலையைச் செய்கிறது.

பந்தயத்தின் கட்டமைப்பு

ஓர் ஆட்டத்தை மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கும் முயற்சிக்கு ‘ஸ்பீட்ரன்’ என்று பெயர். அதில் வழித்தடம் முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடுவதால், ஒரே பாதையைப் பிசகின்றி நிகழ்த்துவதற்கான கைத்திறன்தான் பெரும்பாலும் அளக்கப்படுகிறது. ரேண்டமைசர் பந்தயத்திலோ, போட்டியாளர்கள் அனைவருக்கும் ஒரே சீடு தரப்பட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்குகிறார்கள். கோப்புத் தெரிவுத் திரையில் தோன்றும் ஐந்து பொருள்களின் சின்ன வரிசையை ஒப்பிட்டு, தங்களிடம் இருப்பது ஒரே சீடுதான் என்று உறுதி செய்துகொள்கிறார்கள். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்ற முழுப் பட்டியலான ‘ஸ்பாய்லர் லாக்’ பந்தயம் முடியும்வரை மறைக்கப்பட்டிருக்கும். எதிராளி எங்கே போகிறார் என்பதும் தெரியாது. ஆக, அனைவரும் ஒரே கேள்வித்தாளைத் தனித்தனி அறைகளில் எழுதுகிறார்கள். ஒவ்வொருவரும் எந்த வரிசையில் விடை தேடினார் என்பது பிறகே தெரியவருகிறது.

இங்கே ஆட்டக்காரரின் மனத்தில் ஓடும் கணக்கு, ஒவ்வோர் இடத்துக்கும் போய்வர ஆகும் நேரத்தையும் அங்கே தேவையான பொருள் இருப்பதற்கான வாய்ப்பையும் எடைபோடும் கணக்காகும். எடுத்துக்காட்டாக, ஒரு வீரரிடம் ஆறு படிகங்கள் சேர்ந்துவிட்டன என்றும், ஏழாவது ஆமைப்பாறையில் இருக்கிறது என்றும், அதற்குத் தேவையானவற்றுள் சோமாரியா கோல் மட்டுமே கிடைக்கவில்லை என்றும் கொள்ளலாம். நிலவறைச் சாவி முதலியவற்றுக்கு உரியவை போக, திறக்கப்படாத இடங்கள் நாற்பது மீதம் இருந்தால், கோல் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு ஏறக்குறைய நாற்பது விடைகள் உண்டு. பாலைவன அரண்மனையில் ஆறு இடங்கள் இருப்பதால் அது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் சாவி முதலியவற்றை அவற்றின் நிலவறைக்கு வெளியே குலுக்காத பந்தயத்தில், அந்த ஆறில் நான்கை நிலவறையின் வரைபடம், திசைகாட்டி, பெரிய சாவி, சிறிய சாவி ஆகியவை பிடித்துக்கொள்வதால், உண்மையான வாய்ப்பு இரண்டே இரண்டு. மாறாக, மரண மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் பாரடாக்ஸ் குகையில் ஏழு பெட்டிகளும் சுருள் குகையில் ஒன்றும் இருக்கின்றன. எட்டுமே கலப்பில்லாத வாய்ப்புகள் என்பதுடன், ஆமைப்பாறைக்குப் போகும் வழியும் அந்தச் சரிவிலேயே இருப்பதால், கோல் கிடைத்த மறுகணமே நிலவறையை நோக்கி நடக்கலாம். ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பும் மிச்சமாகும் பயண நேரமும் சேர்ந்து, மலைதான் சரியான தேர்வு என்று காட்டுகின்றன.

இந்தக் கணக்கை மாற்றக்கூடிய தகவலும் களத்திலேயே கிடைக்கிறது. தொலைந்த காட்டில் மூல ஆட்டத்தின் மாஸ்டர் வாள் நிற்கும் பீடத்தில் மூன்று பதக்கங்களோடு வருபவருக்கு ஒரு பொருள் கிடைக்கும். முடோரா நூல் கையில் இருப்பவர், பதக்கங்கள் சேர்வதற்கு முன்பே அந்தப் பீடத்தைப் படித்து, அங்கே என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அறியலாம். அங்கே சோமாரியா கோல் இருப்பது தெரிந்தால், இரண்டே வாய்ப்புள்ள பாலைவன அரண்மனையும், அதன் பரிசு ஒரு பதக்கமாக இருக்கும் பட்சத்தில், கட்டாயப் பயணமாகிவிடும். இல்லை என்பது தெரிந்தால், அந்தப் பீடத்துக்காகப் பதக்கங்களைத் தேட வேண்டியதில்லை. ஒரு சிறு பயணத்தைச் செலவிட்டு ஒரு பெரும் பயணத்தைத் தவிர்க்க முடியுமா என்று யோசிப்பவரும், கண்ணில் பட்ட பெட்டியையெல்லாம் திறந்துகொண்டே போகிறவரும், கைத்திறனில் சமமாக இருந்தாலும் ஆட்டத்தில் சமமானவர்கள் அல்லர்.

முடிக்கத் தேவையான அனைத்தும் கைக்கு வந்துவிட்ட நிலையை ‘கோ மோட்’ என்கிறார்கள். அதுவரை தேடலாக இருந்த ஆட்டம் அந்தக் கணத்திலிருந்து வெறும் ஓட்டமாக மாறுவதால், எஞ்சிய பெட்டிகளின் மேல் இருக்கும் ஆசையை அறுத்துவிட்டு நேராகக் கேனனை நோக்கிப் போவதும் ஒரு தேர்ச்சிதான். கைத்திறனுக்கு இங்கே வேலை இல்லை என்றும் கருதிவிடலாகாது. வாளே கிடைக்காமல் சுத்தியலையும் வில்லையும் வைத்து நிலவறைத் தலைவர்களை வீழ்த்துவது, பாதுகாப்பைக் கூட்டும் மேலங்கி எதுவும் கிடைக்காத நிலையில் அடி வாங்காமல் நகர்வது முதலியவை, எந்த ஆயுதம் எப்போது கிடைக்கும் என்று தெரியாத களத்தில் எல்லா ஆயுதங்களிலும் பயிற்சி தேவை என்பதை உணர்த்துகின்றன.

அதிர்ஷ்டமும் நியாயமும்

சரியாகக் கணக்கிட்டு மலைக்குப் போனவரின் எட்டுப் பெட்டிகளிலும் கோல் இல்லாமல், கணக்கைப் பொருட்படுத்தாமல் பாலைவனத்துக்குப் போனவருக்கு முதல் பெட்டியிலேயே அது கிடைத்துவிடவும் கூடும். அந்தப் பந்தயத்தில் பாலைவனத்துக்குப் போனவர்தான் வெல்வார். ஒரு தனிப் பந்தயத்தின் முடிவில் குலுக்கலின் பங்கு கணிசமானது என்பதை இந்த விளையாட்டை நேசிப்பவர்கள் மறைக்கத் தேவையில்லை. அதற்கான மருந்து, ஒரே சீடில் தீர்ப்பு எழுதாமல், பல சீடுகள் கொண்ட தொடராகப் போட்டியை அமைப்பதே. சீடுகள் கூடக்கூட, நல்ல தீர்மானங்களின் பலன் மேலெழுந்து வருகிறது. கைத்திறனில் தன்னைவிட வலுவான எதிராளியைச் சந்திப்பவர், எல்லோரும் போகும் பாதையில் போனால் தோற்பது உறுதி என்று உணர்ந்து, குறைந்த வாய்ப்புள்ள மாற்றுப்பாதையை வேண்டுமென்றே தேர்வதும் உண்டு. அது தவறான கணக்கு அன்று, வேறு நோக்கத்துக்கான சரியான கணக்கு.

பார்வையாளர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஆட்டக்காரர் கேனனின் கோபுரத்துக்குள் நுழைந்ததும், அதன் பெரிய சாவி எத்தனையாவது பெட்டியில் கிடைக்கும் என்று ஒன்று முதல் இருபத்திரண்டு வரை ஓர் எண்ணை நேரலைப் பார்வையாளர்கள் ஊகித்துச் சொல்வது இந்த விளையாட்டின் நிலைத்த மரபு. 2010 முதல் ஸ்பீட்ரன் வழியாக நற்பணிகளுக்கு நிதி திரட்டிவரும் ‘கேம்ஸ் டன் குவிக்’ மாரத்தான் நிகழ்வுகளிலும் ரேண்டமைசர் பந்தயங்கள் இடம்பெற்றிருக்கின்றன. என்ன நடக்கும் என்பது ஆடுபவருக்கே தெரியாததால், பார்ப்பவரும் அவரோடு சேர்ந்து யோசிக்க முடிகிறது. மனப்பாடமான பாதையில் ஓடும் பந்தயம் இந்த வாய்ப்பை அவ்வளவு எளிதில் தருவதில்லை.

எனவே, ஒரு ரேண்டமைசர் பந்தயத்தை மதிப்பிடுபவர், பந்தயம் முடிந்து ஸ்பாய்லர் லாக் வெளியானதும் அதில் கோல் எங்கே இருந்தது என்று பார்த்து, அங்கே முதலில் போகாதவரைக் குறை சொல்வது முறையாகாது. அந்த நிமிடத்தில் அந்த வீரர் எவற்றை அறிந்திருக்க முடியும், அறிந்ததை வைத்து எவற்றை விலக்கியிருக்க வேண்டும், எஞ்சியவற்றுள் எது குறைந்த செலவில் அதிக வாய்ப்பைத் தந்தது என்ற மூன்று கேள்விகளே அளவுகோலாக வேண்டும். அப்படி அளந்தால் தோற்றவர் சிறப்பாக ஆடியதும், வென்றவர் தப்பிப் பிழைத்ததும் வெளிப்படையாகும். வர்ணனையாளர்கள் அதைத் துணிந்து சொல்லத் தொடங்கினால், மூன்று தசாப்தங்களைக் கடந்த ஓர் ஆட்டத்தை இன்னும் புதிதாக வைத்திருக்கும் இந்த ரசிகர்களின் உழைப்புக்கு, வேடிக்கை என்ற பாராட்டோடு விளையாட்டு என்ற மதிப்பும் சேரும்.