எட்டே நகர்த்தலில் ஒரு வலை

டி4 என்று வெள்ளை தொடங்கினால் கறுப்பு பெரும்பாலும் டி5 ஆடும், அல்லது குதிரையை இறக்கும். இங்லண்ட் கேம்பிட் ஆடுபவரோ இ5 வைத்து முதல் நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைத் தாரை வார்க்கிறார். சுவீடன்காரர் ஃபிரிட்ஸ் இங்லண்டின் பெயரைத் தாங்கிய தொடக்கம் இது. கிராண்ட்மாஸ்டர்கள் சீந்துவதில்லை, கிளப் ஆட்டக்காரர்களுக்கோ உயிர்.

வெள்ளை சிப்பாயை வெட்டுகிறது. கறுப்பின் குதிரை சி6-க்கு வர, வெள்ளைக் குதிரை எஃப்3-இல் நிற்கிறது. கறுப்பு ராணி இ7-க்கு வந்ததும், கிடைத்த சிப்பாயைக் காக்க வெள்ளை மந்திரி எஃப்4-க்குப் போகிறது. பி4-இல் ராணி செக். மந்திரி டி2-க்குத் திரும்ப, ராணி பி2 சிப்பாயை விழுங்குகிறது.

இங்கேதான் அமெச்சூரின் கை பரபரக்கும். ராணியைத் துரத்த மந்திரியை சி3-இல் வைக்கிறார். கறுப்பு மந்திரி பி4-இல் வந்து அதை ராஜாவோடு சேர்த்துக் கட்டிப்போடுகிறது. உதவிக்கு வெள்ளை ராணி டி2-க்கு வர, கறுப்பு சி3-இல் வெட்டுகிறது. ராணியால் திருப்பி வெட்டினால் சி1-இல் மேட்! வெள்ளை மந்திரி கிளம்பிப்போன அதே கட்டம். இந்த வலையின் அழகே அதுதான். குதிரையால் வெட்டினாலோ மூலையிலுள்ள யானை பறிபோகும்.

மருந்து எளிது: ஆறாவது நகர்த்தலில் மந்திரிக்குப் பதில் குதிரையை சி3-க்குக் கொண்டுவர வேண்டும். பிறகு யானை பி1 வழியாக பி3-க்கு ஏறி ராணியை விரட்ட, வெள்ளையின் கை தெளிவாக ஓங்கிவிடும்.