பாஸ்டனுக்கு முன் ஒரு மேட்டு ஓட்டம்

கனடாவின் ஹாமில்டன் நகரில் மார்ச் மாதக் கடைசியில் நடக்கும் ‘அரவுண்ட் தி பே’ 30 கி.மீ. ஓட்டம் 1894இல் தொடங்கியது. பாஸ்டன் மாரத்தானைவிட மூன்று வயது மூத்தது. ஆனாலும் அதில் ஓடும் பலருடைய கண் பாஸ்டன் மீதுதான். ஏப்ரலின் மூன்றாம் திங்களன்று வரும் பாஸ்டனுக்கும் அதற்கும் இடையில் சுமார் மூன்று வாரமே இருப்பதால், ஹாமில்டனை ஒத்திகையாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒத்திகை நல்லதுதான். அதை முழுப் பந்தயமாக ஓடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் அதன் பலம். துறைமுகத்தைச் சுற்றிப் போகும் பாதையில் முதல் 20 கி.மீ. ஏறக்குறைய சமதளம். அதன்பின் வடகரைச் சாலையில் மேடும் இறக்கமும் மாறி மாறி வருகின்றன. தொடக்கத்தில் ஆசைப்பட்டு வேகத்தைக் கூட்டியவர்கள் அங்கே வசமாக மாட்டிக்கொள்வார்கள். பாஸ்டனிலும் நியூட்டன் மேடுகள் 26ஆவது கி.மீ.க்கு அருகில்தான் ஆரம்பிக்கின்றன. களைத்த காலோடு மேட்டைச் சந்திக்கும் இந்த அனுபவம் தனிப் பயிற்சியில் எளிதில் வாய்க்காது. தனியாக ஓடும்போது கால் கெஞ்சினால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். எண் அட்டையைக் குத்திக்கொண்டு கூட்டத்தோடு ஓடும்போது அப்படித் திரும்ப மனம் வராது.

குறை எங்கே என்றால், பாஸ்டனின் உண்மையான சோதனை ஏற்றத்தில் இல்லை. ‘ஹார்ட்பிரேக் ஹில்’ என்று பெயர் வாங்கிய கடைசி மேட்டின் உயரம் 30 மீட்டர்கூட இல்லை. சாதாரண நாளில் அதை மேடென்றே பலர் மதிக்க மாட்டார்கள். ஹாப்கின்டனில் புறப்படும் இடத்துக்கும் பாஸ்டனில் முடியும் இடத்துக்கும் சுமார் 140 மீட்டர் உயர வித்தியாசம். அந்த இறக்கத்தில் பெரும்பகுதி முதல் பாதியிலேயே வந்துவிடுகிறது. இறக்கத்தில் பாதம் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும், உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கும் தொடையின் முன்தசை சுருங்க முயன்றுகொண்டே நீள்கிறது. தசை இழைகள் சேதமடைவது அப்போதுதான். மூச்சு சீராக இருப்பதால் அந்த நேரத்தில் எதுவும் தெரியாது. மறுநாள் படியில் இறங்கக் கைப்பிடியைத் தேடும்போதுதான் தெரியும். மாரத்தானில் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை, நியூட்டனிலேயே தெரிந்துவிடும். முதலில் இறக்கம், பிறகு ஏற்றம் என்ற இந்த வரிசை ஹாமில்டனில் இல்லை.

ஆனாலும் ஹாமில்டன் வீண் அல்ல. ஒருமுறை இறக்கத்தில் அடிபட்டு ஆறிய தசை, அடுத்த முறை குறைவாகவே சேதமடைகிறது. அந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கும். ஆகவே ஹாமில்டனின் மேடுகள் தரும் முதன்மையான லாபம், ஏறிய பின் இறங்குவதில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. இந்த லாபத்துக்கு அளவான இறக்கம் போதும். 30 கி.மீ.யையும் உயிரைக் கொடுத்து ஓடினால், மூன்று வாரத்தில் புதிதாக வலிமை கூடுவதற்கு அவகாசம் இருக்காது. பட்ட அடி முழுவதும் ஆறாமல் போகும் ஆபத்து மட்டும் மிஞ்சும்.

இதற்கு மறுப்பாக டாம் லாங்போட்டைக் காட்டுபவர்கள் உண்டு. ஒனண்டாகா பழங்குடியைச் சேர்ந்த அந்த மாபெரும் ஓட்டக்காரர் 1906இல் ஹாமில்டனிலும் 1907இல் பாஸ்டனிலும் வென்றார். பாஸ்டனில் முந்தைய சாதனையை ஏறத்தாழ ஐந்து நிமிட வித்தியாசத்தில் முறியடித்தார். ஆனால் அன்று ஹாமில்டன் ஓட்டம் நடந்தது அக்டோபரில். இரண்டுக்கும் இடையே அவருக்கு அரை ஆண்டு கிடைத்தது. மூன்று வார இடைவெளிக்கு அவரைச் சாட்சியாக அழைப்பது நியாயமாகாது.

ஹாமில்டன் நேரத்தைப் பெருக்கி பாஸ்டன் நேரத்தைக் கணிக்கும் பழக்கமும் கைவிட வேண்டியது. ஏற்றத்தில் இழந்த நொடிகளை இறக்கம் முழுதாகத் திருப்பித் தராது. மேட்டில் கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதைவிட மூச்சைப் பார்த்து ஓடுவதே சரி. 1936 பாஸ்டன் மாரத்தானில் ஜானி கெல்லி நியூட்டன் மேடுகளில் விரட்டிச் சென்று, முன்னால் ஓடிய டார்சன் பிரௌனை எட்டிப் பிடித்து, போகிற போக்கில் தோளில் தட்டினார். பிரௌன் சீறிப் பாய்ந்து வென்றார். விரட்டுவதிலேயே தெம்பைச் செலவழித்துவிட்ட கெல்லிக்கு ஐந்தாம் இடம். கடைசி மேட்டுக்கு ‘ஹார்ட்பிரேக் ஹில்’ என்ற பெயர் வந்ததே அதனால்தான்.

பாஸ்டனுக்குப் போகிறவர்கள் ஹாமில்டனை மாரத்தான் வேகத்தில் மட்டும் ஓடுங்கள். மேட்டில் வேகம் குறைந்தால் குறையட்டும். இறக்கத்தில் அடியைச் சுருக்கி வையுங்கள். இறக்கப் பயிற்சியை ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள், அதன் முதல் பாடம் ஹாமில்டனாக இருக்க வேண்டாம். பெர்லின், சிகாகோ போன்ற சமதள மாரத்தானுக்குத் தயாராகிறவர்களுக்கு, கடைசி மூன்று வாரத்தில் மேட்டுப் பந்தயமே தேவையில்லை.